குவார்ட்டர்பேக்கின் வலது தோள்

1. வலியில்லாத மனிதர்

எண்பதுகளின் நடுப்பகுதியில் நியூசிலாந்தில், ஒக்லண்டின் ஹென்டர்சனில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை செய்தேன். வருகிறவர்களில் பாதிப்பேர் றக்பியில் முழங்காலை முறித்துக்கொண்டவர்கள். நம் இலங்கைத் தமிழ் ஆட்களும் ஒன்றிரண்டு பேர் வருவார்கள். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டால், "உயிர் போகுது பிள்ளை, பதினைஞ்சு எண்டு போடு" என்பார்கள். அதில் பாதியைக் கழித்துவிட்டு வைத்தியத்தைத் தொடங்குவேன்.

அப்படியிருக்க, ஒரு நாள் டேரில் வந்தார். கதவை அடைக்கிற உடம்பு. அமெரிக்கன் ஃபுட்போலில் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிகிறவர். கூட வந்த மனைவி செல்வி மலேசியத் தமிழ்ப் பெண், ஈப்போக்காரி, நர்ஸ். அமெரிக்காவில் படிக்கப் போன இடத்தில் இவரைக் கலியாணம் முடித்து, ஒக்லண்டில் வேலை கிடைத்ததும் இங்கே கூட்டி வந்திருந்தார்.

"காலேஜ்ல இவரைத் தெரியாத ஆளே இல்லக்கா. இவரு பந்தை எடுத்தா ஸ்டேடியமே எழுந்து நிக்கும்" என்றார் செல்வி.

அதன்பிறகு தொழில்முறை அணியில் நாலு வருஷம். நாலு வருஷமும் இரண்டாம் ஆள். முதல் ஆள் விழுந்தால்தான் இவருக்கு இடம்; அந்த மனுஷன் விழவேயில்லை. தொப்பியோடு ஓரத்தில் நின்று சைகை காட்டியே காலம் போயிற்று. பிறகு அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். இங்கே றக்பிக்காரர்கள் பொழுதுபோக்காக நடத்திய அமெரிக்கன் ஃபுட்போல் கிளப்பில் எறியப் போய்த் தோள் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து, பழைய கோச் ஒருவர் தன் புது அணிக்காக அமெரிக்காவுக்கு வந்து எறிந்து காட்டும்படி இவரிடம் சொல்லியிருந்தார். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை.

வலி எத்தனை என்று கேட்டேன்.

"ஒன்று" என்றார்.

2. பல் விளக்கிய கை

ஒவ்வொரு வாரமும் அதே ஒன்றுதான். முகத்திலும் ஒரு சுருக்கமில்லை. நானும் அதை நம்பிப் பயிற்சியில் எடையைக் கூட்டிக்கொண்டே போனேன். தோளோ மேலே எழும்ப மறுத்தது.

"வலியில்லன்னா கூட்டு, இதுல என்ன யோசனை?" என்றார் என் முதலாளி பிரையன்.

கடைசியில் செல்விதான் உடைத்தார். "அக்கா, இவரு இடது கையாலதான் பல்லு விளக்குறாரு. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறதே இல்ல. உங்ககிட்ட சொன்னாரா?"

எனக்கு வந்த கோபத்தில் டேரிலைப் பார்த்துத் தமிழிலேயே கத்திவிட்டேன். "விசர் மனுஷா! நான் என்ன உம்மட கோச்சே? எனக்கு ஏன் மறைச்சனீர்?"

செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார். டேரில் வெட்கப்படவில்லை. "காலேஜில் முதல் வருஷமே படிச்ச பாடம் இது. வலிக்குதுன்னு சொன்ன குவார்ட்டர்பேக் பெஞ்சுக்குப் போவான், அடுத்தவன் உள்ளே வருவான். டாக்டர்கிட்டயும் சொல்ல மாட்டோம். அவர் கோச்கிட்ட சொல்லிடுவார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் காலையில் கோச் இங்கே போன் பண்ணுவார். தோள் நல்லா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

எனக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும், "இந்தத் தோளோட முழு வேகத்தில எறிஞ்சால் தசைநார் அறும். பிறகு கையைத் தூக்கிச் சட்டை போடவும் ஏலாது. நான் பொய் சொல்லமாட்டன். உம்மைக் கேளாமல் உண்மையையும் சொல்லமாட்டன். தோள் உம்மட தோள், நீரே கதையும்" என்றேன்.

3. அந்த போன்

மறுநாள் போன் வந்தது. டேரிலே எடுத்தார். நான் துவாய் மடிப்பதுபோல் பக்கத்திலேயே நின்றேன். தோள் எப்படி என்று கோச் கேட்பது எனக்கே கேட்டது. டேரில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பொய் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"வலிக்குது கோச். கையைத் தூக்க முடியல."

"சரி, சொன்னதுக்கு நன்றி. நான் வேற ஆளைப் பார்க்கிறேன்." அவ்வளவுதான். காலேஜிலிருந்து தொடங்கிய தொழில் அதோடு முடிந்தது. கூட வந்திருந்த செல்விதான் அழுதார்.

இளம் பிசியோக்களுக்கு ஒன்று சொல்வேன். வலி எத்தனை என்று கேட்பதற்கு முன், அந்த ஆள் எந்தத் தொழிலில் வளர்ந்தவர் என்று கேளுங்கள். சில தொழில்களில் உண்மை சொன்னால் வேலை போய்விடும்.

டேரில் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். தோளின் முன்பக்கத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினேன். ஐயோ, அவர் போட்ட சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து பிரையன் ஓடி வந்தார்.

"என்ன செய்தாய் அவரை?"

"ஒன்றுமில்லை. இப்போதுதான் வைத்தியம் தொடங்குகிறேன்" என்றேன்.