ஆர்க்கியாஸ் கடையின் மூக்கு

கடலுக்கு அக்கரையில் உள்ள காரியாவிலிருந்து அடிமையாகப் பிடித்து வரப்பட்டவள் என்பதால் அவளுக்குக் கரீனே என்று பெயர் வைத்தார்கள். காரிய நாட்டுக்காரி என்று அர்த்தம், அவ்வளவுதான். பெற்றவர்கள் வைத்த பெயரை ஏதென்ஸில் ஒருவரும் கேட்கவில்லை. தலை நரைத்த பிறகும் கடையில் அவளை "ஏ குட்டி" என்றுதான் கூப்பிட்டார்கள்.

கடை ஆர்க்கியாஸுடையது. சந்தைத் திடலில், மீன்காரர்களுக்கு எதிர்ச்சாரியில் இருந்தது. வாசனைத் தைலம் விற்பது ஆண்பிள்ளை செய்கிற தொழிலா என்று ஊரில் வாய்கிழியப் பேசுவார்கள். பேசிவிட்டு அந்தக் கடைக்கே வந்து பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருப்பார்கள். யார் வழக்கில் தோற்றான், யார் பெண்டாட்டி யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்கிற வம்பெல்லாம் அங்கேதான் வெந்தது. வாங்குகிறவர்கள் குறைவு. மணிக்கட்டில் ஓசியாக ஒரு துளி வாங்கித் தடவிக்கொள்வதில் மட்டும் குறைவே இல்லை.

அந்த ஓசித் துளியிலும் சூது உண்டு. வந்தவன் வாங்காமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுகிறான் என்று தெரிந்தால், "இதையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க" என்று அன்பொழுக ரோஜாத் தைலத்தைப் பூசிவிடுவார்கள். ரோஜா ஏறிய மூக்கில் வேறெதுவும் ஏறாது. அடுத்த கடைக்காரன் எதைத் திறந்து காட்டினாலும் அவனுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கரீனேயே எத்தனையோ பேருக்குப் பூசி அனுப்பியிருக்கிறாள்.

மற்றபடி அவள் பின்கட்டில் எண்ணெய் காய்ச்சினாள். மருவும் ஐரிஸ் பூச்செடியின் கிழங்கும் வெள்ளைப்போளமும் எந்தப் பக்குவத்தில் இறங்க வேண்டும் என்பதை அவள் மூக்குதான் சொல்லும். ஐரிஸ் தைலம் பழசாகப் பழசாகத்தான் விலை ஏறும். ஒருமுறை கப்பல் வியாபாரி ஒருவன் பழைய ஐரிஸ் தைலம் என்று சொல்லிப் பெரிய ஜாடியைக் கொண்டுவந்தான். ஆர்க்கியாஸ் கைமுதலையெல்லாம் அதில் போடத் தயாராக நின்றபோது, கரீனே முகர்ந்து பார்த்து, "இது புதுசு எசமான். ஏமாத்துறான்" என்றாள். அதட்டிக் கேட்டதில் வியாபாரி உண்மையை உளறிவிட்டான்.

பிழைத்துக்கொண்ட பூரிப்பில் ஆர்க்கியாஸ் கடை வாசலில் இருந்த வியாபாரக் கடவுள் ஹெர்மிஸின் சிலைமேல் கைவைத்து, வம்பளக்கிற கும்பல் முன்னால் சத்தியம் செய்தான். "இவ மூக்கு ஒரு தடவையாவது தப்புற வரைக்கும் இவ மகளை விக்க மாட்டேன். வித்தா என் வம்சம் அத்துப்போகட்டும்!"

மகள் மெலித்தா, வீட்டில் எசமானி ஃபிலின்னாவின் காலடியில் கம்பளி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பன் யாரென்று எவரும் கேட்டதில்லை. அவளுடைய காதையும் ஆர்க்கியாஸின் காதையும் பார்த்தவர்களுக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. தன் வம்சத்தின்மேல் சத்தியம் செய்த மகானுக்கு அதெல்லாம் கணக்கில் வருமா என்ன!

கரீனே அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு சில வருடம் நிம்மதியாகத் தூங்கினாள். பிறகு கொரிந்துக்காரி ஒருத்தி வந்தாள். விருந்துகளுக்குக் குழலூதும் பெண்களை வாடகைக்கு விடுகிறவள். மெலித்தாவைப் பார்த்துவிட்டு ஆர்க்கியாஸ் மறுக்க முடியாத விலை சொன்னாள். ஃபிலின்னாவுக்கோ அந்தக் காதுகள் வீட்டை விட்டுத் தொலைந்தால் போதும். தடையாக இருந்தது சத்தியம் ஒன்றுதான். பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சம் தழைக்காது என்று ஆர்க்கியாஸ் உண்மையாகவே நடுங்கினான். அதனால் சத்தியத்தை அவன் மீறவில்லை. கரீனேயின் மூக்குக்கு ஒரு பரீட்சை வைத்தான்.

அன்று காலை கடை நிறைந்திருந்தது. ஃபிலின்னாவும் மெலித்தாவைக் கூட்டிக்கொண்டு வந்து, கடைக்குள் தொங்கிய திரையின் மறைவில் இருந்தாள். பலகைமேல் ஐந்து குப்பிகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்றில் மட்டும் பழைய ஐரிஸ். கரீனே பயப்படவில்லை. கண்ணைக் கட்டினாலும் அதை எடுத்துவிடுவாள். கை கழுவிக்கொண்டு பின்கட்டிலிருந்து புறப்பட்டபோது, பின்னாலிருந்து இரண்டு சின்ன உள்ளங்கைகள் அவள் முகத்தைப் பொத்தின. வழவழவென்று எண்ணெய் மூக்கிலும் உதட்டிலும் இறங்கியது.

"யாருன்னு சொல்லு பாப்போம்!"

மெலித்தா. கை நிறைய ரோஜாத் தைலம்.

"என்னடி செஞ்ச?"

"எசமானிதாம்மா குடுத்தாங்க. இன்னிக்கு உனக்குப் பெரிய நாளாம். மூஞ்சில பூசிவிட்டா அஃப்ரொடைட்டி தேவி உனக்குத் துணை நிப்பாளாம்."

கரீனே சாம்பலை அள்ளி முகத்தில் தேய்த்தாள். புளித்த காடியை ஊற்றிக் கழுவினாள். தோல்தான் எரிந்தது, ரோஜா போகவில்லை. "ஏ குட்டி, எவ்ளோ நேரம்?" என்று ஆர்க்கியாஸ் முன்னாலிருந்து கத்தினான்.

அவள் வாசற்படியில் வந்து நின்றதுமே முன்வரிசையில் இருந்த வம்புக்காரன் பட்டோஸ் மூக்கைச் சுழித்துச் சிரித்தான். "என்ன குட்டி, கல்யாணப் பொண்ணு மாதிரி மணக்குற? மாப்பிள்ள யாரு?"

"யாருடி ரோஜாவைத் தொட்டது?" என்றாள் ஃபிலின்னா, திரையை விலக்கி எட்டிப் பார்த்து. "என் பெட்டியில ஒரு குப்பி காணோம். திருடி யாருன்னு தெரியட்டும், சூடு வெக்கிறேன்."

பின்னாலேயே வந்து நின்ற மெலித்தா சிரிப்பு மாறாமல் எசமானியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எசமானி விளையாடுகிறாள் என்று நினைத்தாள், பாவம். கரீனேக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் மகள் திருடி. நெற்றியில் சூட்டுக்கோல் விழும், அதற்குப் பிறகு திருடியை விற்றாலும் ஏனென்று கேட்பாரில்லை. மூடினால் மூக்கு தப்பும்.

"நான்தான் தொட்டேன்" என்றாள்.

"அத அப்புறம் கவனிச்சுக்கறேன். இப்ப எடு" என்றான் ஆர்க்கியாஸ்.

ஐந்து குப்பிகளையும் முகர்ந்தாள். ஐந்தும் ரோஜா. மறுபடி முகர்ந்தாள். ஒரு சொட்டை நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தாள். தொழில் தெரிந்த கும்பல்தான். அவள் முகத்தில் என்ன பூசியிருக்கிறது, அது என்ன செய்யும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. எந்தக் குப்பியை எடுப்பாள் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாசமாய்ப் போனவர்கள்! கரீனே நான்காவது குப்பியைத் தொட்டாள். பழைய ஐரிஸ் முதல் குப்பியில் இருந்தது.

"தப்பு. எல்லாரும் பாத்துக்கங்க" என்றான் ஆர்க்கியாஸ். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

கொரிந்துக்காரி திரைக்குப் பின்னால் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். மெலித்தாவின் மணிக்கட்டைப் பிடித்து நடத்தியபோதுதான் அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்தது. திமிறி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நான் பூசினதாலயாம்மா? அதனாலயா தப்பாச்சு?"

கரீனே மகளின் தலையில் முகத்தைப் புதைத்தாள். மகளின் வாசனை வரவில்லை.

"சீ, பைத்தியமே. அதுக்கும் இதுக்கும் என்ன? எனக்கு வயசாயிடுச்சுடி. மூக்கு செத்துப்போச்சு."

"நெசமா?"

"நெசமா."

மெலித்தா நம்பினாள். நம்பிக்கொண்டே போனாள்.

ரோஜா மூக்கை விட்டு இறங்கியபோது பட்டோஸும் மற்றவர்களும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சைராக்யூஸிலிருந்து ஒரு பணக்காரன் தைலம் வாங்க வந்திருந்தான். ஆர்க்கியாஸ் கரீனேயைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினான். அவள் குப்பியைத் திறந்து முகர்ந்து, எந்த ஊர்க் கிழங்கு, எத்தனை வருடப் பழசு என்று சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது.

"பலே!" என்றான் வந்தவன். "இவ சொன்னா நம்பலாமா?"

"கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்" என்றான் ஆர்க்கியாஸ். "இவ மூக்கு ஒரு தடவைகூடத் தப்பினதில்ல."