கடைசி அத்தியாயத்துக்கு முன்னால்

டிரை கிளீனிங் கடையில் கறை எடுப்பது அவள் வேலை. மை, துரு, எண்ணெய், எதுவானாலும் போகும்வரை விடமாட்டாள். கடையில் அவளுக்குக் 'கறையக்கா' என்றே பெயர். சண்டையையும் அவள் பாதியில் விட்டதாகச் சரித்திரம் இல்லை. கணவர் அதற்கு நேரடி சாட்சி. இப்படி எதையும் மிச்சம் வைக்காத ஒருத்தி, புத்தகத்தை மட்டும் முடிக்கமாட்டாள். கடைசி அத்தியாயம் வந்ததும், துணியில் குத்தும் ரோஸ் டோக்கன் ஒன்றை அடையாளத்துக்குச் செருகி மூடிவிடுவாள். அலமாரியில் அத்தனை புத்தகமும் ரோஸ் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்.

காரணம் கேட்டால் தயங்காமல் சொல்வாள். வேலை முடிந்த துணி அன்றைக்கே உரியவர் கைக்குப் போய்விடுகிறது. முடியாத துணிதான் அவளிடம் தங்குகிறது. புத்தகத்து ஆட்களை அனுப்பிவைக்க அவளுக்கு மனசில்லை.

அப்படித் தங்கிப்போனவர்களைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கதை கேட்க ஆர்வமாகத்தான் உட்காருவார். மூன்றாவது வாக்கியத்தில் குறட்டை. நர்ஸாக இருக்கும் நாத்தனார் பரிதாபப்பட்டு, தன்னுடைய இணையப் புத்தகக் குழுவில் அண்ணியைக் கோத்துவிட்டாள். ஒரு வாரம் ஓரமாக நின்று படித்ததிலேயே கறையக்காவுக்கு நாக்கு அரித்தது. எத்தனை பேர், எவ்வளவு தப்பாகப் பேசுகிறார்கள். ஆனால் அறிமுகம் எழுதாதவர் வாய் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதாவிட்டால் வெளியே போகவேண்டியதுதான். அறிமுகத்துக்கு நாலு கேள்வி: பெயர் என்ன, என்ன வேலை, கடைசியாக முழுதும் படித்த புத்தகம் எது, அதன் முடிவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? முதல் இரண்டும் சுலபம்.

கணவர் ஏதாவதொரு புத்தகத்தின் பெயரைப் போட்டுவிடச் சொன்னார், யார் வந்து பரீட்சை வைக்கப்போகிறார்கள் என்று. நாத்தனார் இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"கடைசிப் பக்கத்தை மட்டும் படிச்சுட்டு எழுதிடுங்க அண்ணி. அங்க பாதிப் பேரு அதான் பண்றாங்க."

"கறையை உள்பக்கமா மடிச்சு வெச்சுத் துணியைக் குடுக்கச் சொல்றியா?"

நாத்தனார் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

எந்தப் புத்தகத்தையும் முடித்ததில்லை, முடிக்கும் உத்தேசமும் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள். குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தனியாகப் பதில் போட்டார். மிகுந்த மரியாதை, திட்டுவதற்கு முன் ஆசிரியர்கள் காட்டும் அதே மரியாதை. ஒரே ஒரு புத்தகத்தையாவது முடித்துவிட்டு வாருங்கள், விதி எல்லோருக்கும் பொது என்றிருந்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கடையிலும் டோக்கன் இல்லாமல் வந்தால் மந்திரிக்கே துணி கிடையாது. யாரைப் பலி கொடுப்பது என்று அலமாரி முன் நின்று யோசித்து, கடைசியில் அந்த அண்ணன் தம்பி நாவலை எடுத்தாள். ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாமலே கிழவர்களானவர்கள். தம்பி வீட்டுக் கதவைத் தட்ட அண்ணன் கையைத் தூக்கிய இடத்தில் நிறுத்தியிருந்தாள். கறை தேய்த்துக்கொண்டே அந்தக் கையைப் பல வருடம் விதவிதமாகத் தட்டவைத்திருக்கிறாள். சில நாள் தம்பி உடனே திறப்பான். சில நாள், தெரிந்துகொண்டே, யாரது என்று உள்ளேயிருந்து கேட்பான்.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படித்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவரைப்போலக் கணவர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். புத்தகம் மூடும் சத்தம் கேட்டது.

"என்னாச்சு?"

"கொன்னுட்டான்."

"யாரு, அண்ணனா?"

"எழுதினவன். கதவு திறக்குது, தம்பி செத்துக் கிடக்கான். அப்புறம் ரெண்டு பக்கத்துக்கு மழை."

ஆறுதலுக்குக் கணவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறுவதற்குள் அவள் அறிமுகத்தை எழுதி முடித்துவிட்டாள். புத்தகத்தின் பெயரைப் போட்டு, கீழே இப்படி:

"கறை எடுப்பது என் வேலை. இன்று மத்தியானம்வரை எந்தப் புத்தகத்தையும் முடித்ததில்லை. உங்கள் விதிக்காக இதை முடித்தேன். தம்பியைச் சாகடித்தது சோம்பேறித்தனம். இரண்டு பேரைப் பேசவைப்பதைவிட ஒருவரைச் சாகவைப்பது சுலபம். இனி இப்படி ஒரு காரியம் என்னால் நடக்காது."

குழு கொதித்தது. அடுத்த மாதம் எல்லோரும் கூடிப் பேசுவதற்கென்று வைத்திருந்த புத்தகம் அது. பாதிப் பேர் நடுவில் இருந்தார்கள். முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்பது வாசகர்களுக்குள் எழுதாத சட்டம். முடிவு என்ற ஒன்றையே அன்றுவரை பார்த்திராதவளுக்கு அந்தச் சட்டம் எங்கே தெரியும்? தலைமையாசிரியை இந்த முறை போனிலேயே வந்துவிட்டார்.

"முடிவை இப்படியாம்மா போட்டு உடைக்கிறது?"

"நீங்கதானே டீச்சர் கேட்டீங்க. கேள்வியே அதானே."

அந்தக் கேள்வியை எழுதியவர் அவர்தான். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் 'மனதைத் தொட்டது' என்று எழுதித் தப்பித்துப் போனதால், அதிலிருந்த ஆபத்து அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மாலைக்குள் அந்தக் கேள்வி நீக்கப்பட்டது. அவள் எழுதியதும் நீக்கப்பட்டது. அவள் மட்டும் நீக்கப்படவில்லை.

பிறகு குழுவிலிருந்த ஒரு பல் டாக்டர் அவளுக்குத் தனியாக எழுதினார். அண்ணன் கையைத் தூக்கும் இடத்தில் இருக்கிறாராம்; மேலே படிக்கட்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றாள். கதவைத் திறந்ததும் தம்பி முதலில் என்ன சொல்வான் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். நீளமாக ஒரு பதில் வந்தது. முழுக்கத் தப்பு. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து, விளக்க ஆரம்பித்தாள்.