கடிகாரம் வராத படம்

பஸ் டெப்போவில் அவருக்கு உத்தியோகம் டைம் கீப்பர். பெயர் இத்தாலி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும் இத்தாலியத் திரைப்பட விழாவுக்கு ஒன்பது வருடமாக ஒரு நாள் விடாமல் போய்வந்ததற்காக டிரைவர்கள் கொடுத்த பட்டம் அது. கேலிக்குத்தான் கொடுத்தார்கள். அவர் அதை விருது மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார்.

விழா என்னவோ ஐந்து நாள்தான். அவருடைய ஏற்பாடு மூன்று மாதம் நடக்கும். பட விவரப் புத்தகம் கைக்கு வந்துவிட்டால் மனிதருக்குத் தலைகால் புரியாது. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று ஊருக்கே நேரம் குறித்துக் கொடுக்கிறவர், படங்களை மட்டும் சும்மா விடுவாரா? அவற்றுக்கும் டிரிப் ஷீட் போட்டுவிடுவார். முதல் அரங்கில் படம் முடிவது 4.52. இரண்டாம் அரங்குக்கு நடை ஆறு நிமிடம். டீக்கு நான்கு நிமிடம். கழிப்பறைக்கு மூன்று, அங்கே வரிசை இருந்தால் டீ ரத்து. சிவப்புப் பென்சில், பச்சைப் பென்சில், அடிக்கோல் என்று சாப்பாட்டு மேஜை முழுக்க விழா பரந்து கிடக்கும். மனைவி தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள்.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே போய் உட்கார்ந்தால், கண் பாதி நேரம் கைக்கடிகாரத்தில்தான் இருக்கும். தாமதமாகத் தொடங்கிய படத்தின் மேல் அவருக்குக் கடைசிவரை கோபம் தீராது. சொன்ன நேரத்துக்கு முடிந்த படம் நல்ல படம். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இன்னிக்கு மூணு படம். ஒரு நிமிஷம் பிசகலியே!" என்பார். படத்தில் என்ன நடந்தது என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. முந்நூறு படுக்கை விரிப்புகளை உலர்த்தி மடித்துவிட்டு வருகிறவளுக்கு இத்தாலி எங்கே இருந்தால் என்ன? "நீங்க போய்ட்டு வாங்க. எனக்குக் காலை நீட்டினா போதும்" என்பாள். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரார் எப்படியும் சிரிக்கட்டும். தான் செய்வது வெட்டிவேலை இல்லை என்று அவள் ஒருத்தி ஒப்புக்கொண்டால் போதும் என்று அந்த மனுஷன் நிஜமாகவே ஏங்கினார்.

பத்தாம் வருடம் அதற்கு வழி பிறந்தது. விழா நடத்தும் கலாசார மையத்திலிருந்து போன். பழைய ரசிகர் என்ற முறையில், தொடக்கப் படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேசமுடியுமா என்று கேட்டார்கள்.

"இந்தத் தடவ நீ வந்தே ஆகணும்" என்றார் மனைவியிடம். "நான் மேடையில பேசறேன்."

"எதப் பத்தி?"

"படத்தப் பத்தி."

"இன்னும் பாக்கவே இல்லியே?"

"பாத்துட்டு யார் வேணா பேசலாம்" என்றார் இத்தாலி.

புத்தகத்தில் அந்தப் படத்தைப் பற்றி இருந்தது பதினொரு வரியும் ஒரு போட்டோவும். வயதான ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், பிரிந்துபோன தம்பியைத் தேடிப் போகிறாராம். போட்டோவில் அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம். அது போதாதா டைம் கீப்பருக்கு? பதினொரு வரியை எட்டுப் பக்கமாக்கி, டெப்போ ஓய்வறையில் ஒத்திகை பார்த்தார்.

"அண்ணே, அந்தக் கடிகாரம் ஓடுதா, நின்னுடுச்சா?" என்று கேட்டார் ஒரு கண்டக்டர்.

"போட்டோவுல எப்படிய்யா தெரியும்? நின்னுடுச்சுன்னு வெச்சுக்கோ. அதுலதான் ஆழம் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அரங்கம் நிரம்பியிருந்தது. மூன்றாம் வரிசையில் டெப்போ டிரைவர்கள் ஆறு பேர். முதல் வரிசையில், வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்த மனைவி. மேலே புரொஜக்டர் அறையில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. படம் பூட்டோடு வந்திருந்தது; அதைத் திறக்கும் ரகசிய எண் இத்தாலியிலிருந்து வரவில்லை. அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைதானே. விழாவின் மொழிபெயர்ப்பாளர் அந்த அறையில் போனும் கையுமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால், மையத்தின் தலைவியான இத்தாலிக்கார அம்மா தனியாக மேடைக்கு வந்து, நம் ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று ஏதோ சொன்னார்.

சொன்னது இதுதான்: படம் திறக்கவில்லை, வேறு படம் போடுகிறோம், தயவுசெய்து நீங்களே சபைக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒன்பது வருடத்தில் நம் ஆள் சேர்த்துவைத்த இத்தாலியச் சொற்கள் மூன்று: வணக்கம், நன்றி, ஆமாம். டிரைவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் நின்றுகொண்டு, புரியவில்லை என்று எந்த இத்தாலிதான் சொல்லும்? முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு தலையாட்டி, "ஆமாம்" என்று இத்தாலிய மொழியில் சொன்னார். உறுதிக்காக இன்னொரு தடவையும் சொன்னார். அந்த அம்மா நிம்மதியாகக் கீழே இறங்கிப் போனார்.

எட்டுப் பக்கத்தையும் பேசினார். "கடைசிக் காட்சியில் அந்தக் கடிகாரத்தைக் கவனியுங்கள். நின்றுபோனது கடிகாரமல்ல, ஒரு குடும்பம்!" என்று முடித்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. படம் மாறியதைச் சொல்ல இவ்வளவு நேரமா என்று வியந்தபடி அந்த அம்மாவும் தட்டினார்.

படம் தொடங்கியது. ரொட்டிக்கடை வரவில்லை. ஒரு ஹோட்டல் வந்தது. அதில் அறை அறையாகப் போய்ப் படுக்கை மாற்றும் ஒரு பெண். ஹோட்டலுக்கு ரொட்டி போடவாவது அந்தக் கிழவர் வருவாரா என்று அரை மணி நேரம் காத்திருந்தார். வரவில்லை. அதற்குமேல் திரையைப் பார்க்கும் தைரியம் இல்லாமல், யாராவது சிரிக்கிறார்களா என்று சபையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கண்ணும் கருத்துமாகக் கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு போட்டதும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். "அந்தக் கடிகாரம் இருக்கே... நீங்க சொல்லலேன்னா கவனிச்சிருக்கவே மாட்டேன்."

"அப்படியே புட்டுப்புட்டு வெச்சுட்டியே, இத்தாலி!" என்றார் மூத்த டிரைவர்.

அப்போதுதான் மொழிபெயர்ப்பாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மன்னிச்சுக்கங்க சார், கடைசி நேரத்துல படம் மாறிடுச்சு. நீங்களே சபைக்குச் சொல்லிட்டீங்களாமே, ரொம்ப நன்றி!"

பேராசிரியரும் டிரைவரும் வாசலைத் தாண்டியிருந்தார்கள். மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், இந்தப் பக்கம் அவர். எப்போது சிரிக்கப் போகிறாளோ என்று உட்கார்ந்திருந்தார். மூன்று நிறுத்தம் போனது.

"கடிகாரம் வரலதான்" என்றாள்.

"ம்."

"அத விடுங்க. அந்தப் பொண்ணு விரிப்ப உதறுறா பாருங்க, கை அப்படித்தாங்க போகும். நாலு மூலையும் இழுத்துட்டு, யாரும் இல்லியான்னு பாத்துட்டு, கடைசியில அந்தக் கட்டில்ல தானே படுக்குறாளே... நானும் ஒருநாள் ஆஸ்பத்திரில அப்படிப் படுத்திருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்ல." ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஒம்பது வருஷமா இந்த மாதிரியா பாத்துட்டு வந்தீங்க? வீட்ல ஒரு வார்த்த சொல்லலியே!"

அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஏங்க, அவ படுத்தப்போ சிரிச்சாளா, அழுதாளா? எனக்குக் கண்ணீர் முட்டிடுச்சு, சரியாத் தெரியல. நீங்க பாத்தீங்கல்ல?"

சிரித்தாள் என்று சொல்லலாம், அழுதாள் என்றும் சொல்லலாம். பார்க்காத படத்துக்கு எட்டுப் பக்கம் பேசிய வாய்தானே.

"நான் பாக்கல" என்றார்.

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"வாட்ச்சக் கழட்டிக் குடுங்க. விழா முடிஞ்சதும் தரேன்."

இன்னும் நான்கு நாள் பாக்கி இருந்தது. கழற்றிக் கொடுத்தார்.