ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளி

கல்மண்டபத்தில் என் வெல்டிங் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வேலையையும் நோட்டில் எழுதிவிடுவேன். அந்த வியாழக்கிழமைக்கு நேரே இருப்பது: "மீன் வேன். அலுமினிய சிலிண்டர் ஹெட். இரண்டு வால்வுகளுக்கு நடுவே விரிசல்." ஹெட் என்பது இஞ்சினின் மேல்மூடி.

வேன்காரர் தினமும் காசிமேட்டிலிருந்து எண்ணூருக்கு ஏழு மீன்காரப் பெண்களைக் கூடைகளோடு ஏற்றிப்போகிறவர்.

"புது ஹெட் வர பத்து நாளாவும்ன்றாங்க நைனா. அதுக்குள்ள ஏழு பேரும் வேற வண்டி பாத்துக்கினு பூடுவாங்க. சனிக்கெழமைக்குள்ள ஒட்டிக் குடு."

வெல்டிங்குக்கு முன் ஹெட்டைச் சீராகச் சூடேற்ற வேண்டும். ஏற்றியதும் பட்டறை முழுக்கக் கருவாட்டு வாடை.

"ரேடியேட்டர்ல இன்னா ஊத்துன?"

"ஐஸ் பொட்டில வடியிற தண்ணிதான். சும்மா கீழ போவுது, சில்லுனு வேற கீது. இஞ்சினுக்கு ஜலதோசமா புடிக்கப்போவுது?"

நானும் சிரித்துவிட்டேன். மீனோடு வந்த உப்பு, தண்ணீர் ஓடும் துளைகளை அரித்து வெள்ளை மாவாக்கியிருந்தது. விரிசலைக் கிரைண்டரால் திறந்து ஒட்டினேன், கறுத்துக் கொப்பளித்தது. சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டினேன். மூன்றாம் முறை பிடித்தது. சூட்டில் ஹெட் லேசாக வளைந்திருந்ததால் லேத் பட்டறையில் கொடுத்து அடிப்பரப்பைச் சமமாகக் கடைந்து வாங்கினேன். காற்றடைத்துத் தண்ணீரில் அமுக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. "கசிவு இல்லை" என்று எழுதினேன்.

வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள அலுமினியம் பலமிழந்துவிடும் என்பதை எழுதவில்லை. நல்ல ஹெட்டுக்கே அந்தக் கதிதான், இதுவோ அரித்துப்போனது. அதிக நாள் தாங்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் முறை பிடித்ததில் ஒரு பெருமை. அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. "எதுக்கும் பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை வேறொரு வண்டி அவர் வேனைக் கயிறு கட்டி இழுத்துவந்தது. திருவொற்றியூர் தாண்டி நின்றுவிட்டதாம். ஏழு பேரும் அங்கேயே இன்னொரு வேனில் ஏறி, மறுநாளுக்கும் அதையே பேசி வைத்துக்கொண்டார்களாம். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். என் ஒட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் புது விரிசல்.

"உன் ஒட்டு அப்படியே கீது நைனா. பக்கத்துலதான் பூட்ச்சு. உன்ன இன்னா சொல்றது?"

திட்டியிருந்தால் தேவலை.

"இத்தயும் ஒட்டிடு" என்றார்.

"ஒட்ட மாட்டேன். திரும்பவும் பக்கத்துல விரிசல் வுடும். புது ஹெட்டுக்குச் சொல்லு."

"பத்து நாளு ஆவுமே."

"போன வியாழக்கெழமையே நான் நெஜத்தச் சொல்லியிருந்தா, அன்னிக்கே ஆர்டர் குடுத்திருப்ப, இன்னும் நாலு நாள்தான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, அந்த ஏழு பேரில் ஒருவரை அழைத்தார்.

"யக்கா, பத்தே நாளு பொறுத்துக்கோ, வந்துடறேன்."

அந்தப் பக்கம் என்ன பதிலோ, "செரிக்கா, செரி, அந்த வண்டிலயே போங்க" என்று வைத்துவிட்டார்.