அண்ணி கட்டிப்போட்ட கை

"பாவம், மாடியக்கா," என்றான் அண்ணன், சாப்பிட்டுக்கொண்டே. மேல்வீட்டில் தனியாக இருந்த அந்த அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டிருந்தது.

தையல் மெஷினைவிட்டு எழாமலே அண்ணி கேட்டாள், "பாவம்னா?"

"பாவம்னா பாவம்தான். ஞாயித்துக்கிழமை அவங்க தம்பி வந்து கூட்டிட்டுப் போறாராம். சட்டை பட்டன்கூடப் போட முடியல, தனியா எப்படி இருப்பன்னு கேக்குறாராம்."

"அக்காவுக்குப் போக இஷ்டமா?"

"அழுதுட்டு இருந்தாங்க. நான் என்ன செய்ய முடியும்?"

"நல்லா உச்சுக் கொட்டினீங்கல்ல, போதும். தட்டைக் கழுவி வெச்சிட்டு, மேல போய் அவங்க சட்டை ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"வாயைத் திறந்தா வேலையா?"

"திறந்தது நீங்கதானே?"

அண்ணி என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். பள்ளிச் சீருடை தைப்பது அவள் பிழைப்பு. பேச்சில் பாதி திட்டுதான். ஆனால் தெருவில் யாராவது கல் தடுக்கி விழுந்தால், நாங்கள் "அடடா" சொல்லி முடிப்பதற்குள் அவள் அந்தக் கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டிருப்பாள்.

அன்றே பட்டன்களைப் பிரித்து, அந்த இடத்தில் ஒட்டுப்பட்டை தைத்தாள். அழுத்தினால் ஒட்டும்; இழுத்தால் கர்ரென்று பிரியும். பட்டன்களை வெறும் அழகுக்காக மேலே வைத்தாள். மாடியக்கா போட்டுப் பார்த்தார். செயலற்ற கை சட்டைக் கைக்குள்ளேயே போகவில்லை.

"ரெண்டு கையும் இருக்கிறவ யோசிச்சுத் தைச்சா இப்படித்தான்," என்று அண்ணி தன்னையே திட்டிக்கொண்டாள். அளவு டேப்பை அண்ணனிடம் நீட்டி, "என் வலது கையை இடுப்போட சேத்துக் கட்டுங்க" என்றாள்.

"எத்தனை வருஷமா இதுக்குக் காத்திருந்தேன்!" என்றபடி அவன் கட்டினான்.

ஒற்றைக் கையோடு வியர்த்து, முனகி, சட்டைக்குள் சிக்கிக்கொண்டு ஒரு வழியாகக் கண்டுபிடித்தாள். சட்டையின் வலது கை முனையிலிருந்து அக்குள் வழியாகக் கீழ்வரை தையலைப் பிரித்து, அங்கேயும் பட்டை வைத்தாள்.

ஞாயிறு காலை தம்பி காலிப் பெட்டியோடு வந்து மாடிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான்தான் சட்டையைக் கொண்டுபோனேன். அக்கா வாங்கிக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே எதுவோ உருண்டு விழுந்தது. பிறகு ஒரு கர்ர். வெகுநேரம் கழித்து மறுபடி கர்ர். கதவு திறந்தபோது காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. முகம் மட்டும் நிமிர்ந்திருந்தது.

"காபி போடட்டுமாடா?" என்று தம்பியைக் கேட்டார்.

பெட்டி காலியாகவே படியிறங்கியது. இன்றும் அக்கா எங்கள் தலைக்கு மேல்தான் நடமாடுகிறார். காலையில் கர்ர் கேட்டால், "அக்கா ரெடியாகுறாங்க" என்பான் அண்ணன்.

அன்று சட்டையை என் கையில் கொடுத்தபோது அண்ணி கேட்டுக்கொண்டது இதுதான்:

"உள்ள தடுமாறுற சத்தம் கேக்கும். கதவைத் தட்டிடாதே. நான் போனா உள்ளே புகுந்து போட்டு விட்டுடுவேன், எல்லாம் கெட்டுப்போகும். உனக்குத்தான் சும்மா நிக்கத் தெரியும். எனக்காக நில்லும்மா."