ஏரிக்குள் ஒரு கல்வட்டம்

போன வாரம் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு தூறல் விழுந்ததுதான் தாமதம், ஒரு பட்டாளமே ஓடி வந்து மைதானத்தைப் போர்த்தி மூடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைசூரில் நாங்கள் ஆடின மைதானத்தைப் போர்த்த எந்தத் துணியும் போதாது ஐயா. மழை வந்தால் மைதானமே தண்ணீருக்குள் போய்விடும். ஏனென்றால் அது ஏரி.

சுதந்திரம் வந்த புதிது. நான் ஓர் ஆபீசில் குமாஸ்தா. கோடையில் ஊருக்கு வெளியே அந்த ஏரி வற்றி, சேறு காய்ந்து கெட்டிப்படும். தென்னைநார்ப் பாயை விரித்து ஆணி அடித்தால் பிட்ச் தயார். காய்ந்த பாசியும் மீன்செதிலும் வெயிலில் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும் பாருங்கள், சட்டையைத் துவைத்தாலும் போகாது. என்னைப் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். பந்து இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் போகிற ரகம். பாய் சுமக்க ஆள் வேண்டுமே, அதற்காகச் சேர்த்திருந்தார்கள்.

ஏரி எங்களுக்கு மட்டும் சொந்தமா என்ன? ஆள்காட்டிக் குருவிகள் அங்கே வெறுந்தரையில் முட்டையிடும். முட்டையும் மண்கட்டியும் ஒரே நிறம். முதல் வருஷம் எவனோ மிதித்துவிட்டான். தாய்க்குருவி அந்தக் கோடை முழுக்க எங்கள் தலைக்கு மேலேயே கத்தித் தீர்த்தது. யாருக்கும் ஆட மனசில்லை. அதற்கப்புறம் ஒரு வழக்கம் வந்தது. முட்டையைக் கண்டால் சுற்றிலும் கல் அடுக்கிவிட வேண்டும். வட்டத்துக்குள் பந்து விழுந்தால் ரெண்டு ரன். உள்ளே யாரும் கால் வைக்கக் கூடாது.

எங்கள் டீமில் வரதன் என்று ஒருவன். மேல்கோட்டை அர்ச்சகர் மகன். மைசூரில் மாமா வீட்டில் சாப்பாடு; சோற்றோடு மாமியின் பேச்சும் தினம் பரிமாறப்படும். உயரே போன பந்து அவன் கைக்குத் தப்பாது. ஒரு தொழிற்சாலை தன் டீமுக்கு ஆள் தேடியது. அதன் அதிகாரி பார்க்க வருகிற ஆட்டத்தில் சோபித்தால் வேலை நிச்சயம்.

"கிடைக்கலேன்னா ஊருக்குப் போய் மணி ஆட்டிண்டு இருக்க வேண்டியதுதாண்டா" என்று சிரித்தான். அடிவயிற்றுப் பயம் அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

அந்த ஆட்டத்துக்கு வந்த வெளியூர் அம்பயர் எங்கள் கல்வட்டத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "குருவிக்கெல்லாம் ரூல் கிடையாது" என்றுவிட்டார். கடைசி ஓவர். எதிராளிக்கு இரண்டே ரன் வேண்டும். பந்து வானத்துக்கு எழும்பியது. வரதன் அண்ணாந்து பார்த்தபடி பின்பக்கமாகவே நகர்ந்து போனான். "பிடிடா வரதா!" என்று எல்லோரும் கத்தினோம். அவன் குதிகால் கல்லில் இடித்தது. இன்னும் ஓர் அடி வைத்தால் பந்து கையில். நின்றுவிட்டான்.

பந்து வட்டத்துக்குள் விழுந்து உருண்டது. முட்டை தப்பித்தது. அதற்குள் அவர்கள் இரண்டு ரன் ஓடிவிட்டார்கள்; நாங்கள் தோற்றோம்.

எங்கள் கேப்டன் அதிகாரியிடம் ஓடினார். "சார், அங்கே முட்டை இருக்கு சார். ஸ்வல்ப வந்து பாருங்கோ."

"இவன் பந்து பிடிக்க வந்தானா, கோழி மேய்க்க வந்தானா? பயந்தாங்கொள்ளி எனக்கு வேண்டாம்" என்று சொல்லிக் காரில் ஏறிப் போய்விட்டார் அந்த மனுஷர். பாவி, நாலு எட்டு நடந்து வந்து பார்த்திருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் பிடித்தது மழை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் ஏரியில் பாதி தண்ணீர். கல்வட்டம் இருந்த இடமே தெரியவில்லை. இரண்டு குருவிகளும் தண்ணீருக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. அந்தக் கத்தல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. வரதன் முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்றான்.

"ஆட்டம் ஒரு வாரம் தள்ளி வேற எடத்துலே நடந்திருந்தா எனக்கு வேலை. மழை பத்து நாள் தள்ளி வந்திருந்தா அதுக்குக் குஞ்சு. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லாம போச்சேடா" என்றான்.

அந்த வாரமே மேல்கோட்டைக்கு பஸ் ஏறினான். பிறகு பம்பாய் போனான் என்றார்கள். அவனை நான் மறுபடி பார்க்கவேயில்லை. ஏரிக்கு வரும் வாய்க்காலை அடைத்து, மண் கொட்டி, மனை போட்டு விற்றுவிட்டார்கள். பல வருஷம் கழித்து ஒருமுறை போய், ஏரி இருந்த இடத்தைத் தெருத் தெருவாகத் தேடினேன். வாசலில் நின்ற ஒருவரிடம் ஏரியைப் பற்றி விசாரித்தேன்.

"இல்லி யாவ கெரேனூ இர்லில்ல சார்" என்றார். இங்கே ஏரியே இருந்ததில்லையாம். அவர் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறாராம்.

ஏரியே இல்லை என்றால் முட்டை ஏது? அன்றைக்கு வரதன் சும்மா கேட்சை விட்டவன் ஆகிவிடுகிறானே ஐயா.