வெள்ளிக்கிழமை தப்பித்த ஜீப்

எங்கள் ஜீப் நின்றுபோனதற்குக் காரணம் சோப்புத் தண்ணீர். சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். பட்டுத் தறி ஓடுகிற எங்கள் பிள்ளையார்பாளையத்தில் உடனே நம்பினார்கள், நன்றாகச் சிரிக்கவும் செய்தார்கள்.

என் வீட்டுக்காரர் கோயில் திருவிழாக்களுக்கு ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் வாடகைக்கு விடுகிறவர். ஜெனரேட்டர் டிராலியை இழுப்பதற்கென்றே ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பாலாற்று மணல், கூரம் பக்கத்து ஏரிக்கரைச் சேறு என்று டிராக்டரே மாட்டிக்கொண்டு முழிக்கிற இடத்திலெல்லாம் உறுமிக்கொண்டு ஏறி வந்துவிடும். வீட்டை ஒட்டி என் கொழுந்தனாரின் சாயப்பட்டறை. அதன் வாசலில் இரண்டு டிரம் இருக்கும். நீல டிரம்மில் நல்ல தண்ணீர். சிவப்பு டிரம்மில், பட்டு நூலை வேகவைத்து எடுத்தபின் மிஞ்சுகிற சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீர். எங்கள் தெருவில் கைக்குழந்தைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். பங்குனியில் ஒருநாள் கிளம்புகிற அவசரத்தில், ரேடியேட்டருக்குச் சிவப்பு டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றிவிட்டார் இவர். கூரம் போய்ச் சேர்வதற்குள் முன்பக்கமெல்லாம் நுரை. வண்டி கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய், நடுரோட்டில் நின்றுவிட்டது.

"அண்ணி, அண்ணன் ஜீப்பையே பட்டு மாதிரி வேக வெச்சிட்டாரு" என்றார் கொழுந்தனார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் காபி கொடுத்தேன். டம்ளர் எதிரே இருக்கிறது, இவர் கை அதற்குப் பக்கத்தில் தடவுகிறது. அப்போது போன சிரிப்புதான்.

இவருக்குச் சர்க்கரை பல வருடமாக இருக்கிறது. தை மாதம் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, "கண்ணாடி பவரு மாத்திக் குடுத்துருக்காங்க" என்று முடித்துவிட்டார். அந்தக் காபி டம்ளருக்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். ஒயர் சேர்க்கும்போது, "இது செவப்பா, பச்சையா, பாரு மே" என்று என்னைக் கேட்டார். பல்பு மாட்டும்போது விரலால் தடவித் தடவித்தான் இடத்தைக் கண்டுபிடித்தார். டிரம் மாறிப்போனது அவசரத்தால் இல்லை. இவருக்குச் சிவப்பும் தெரியவில்லை, நீலமும் தெரியவில்லை.

ஆகவே ஜீப்பை விற்றே ஆக வேண்டும் என்று நான் முடிவு கட்டினேன். ஜீப் ஓடினால் இவர் ஓட்டுவார். ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாக்களில், கூட்டத்துக்கு நடுவே, டிராலியை இழுத்துக்கொண்டு ஓட்டுவார். என்றைக்காவது யார் மேலாவது ஏற்றிவிடுவார். அந்தப் பயத்தில் எனக்குச் சோறுகூட இறங்கவில்லை.

இவரோ ரிப்பேர் செய்தே தீருவேன் என்றார். "வேற வண்டி வாடகைக்கு வெச்சா நம்ம கைல இன்னா நிக்கும்?" என்பார். "இந்தத் துருப்புடிச்ச தகரத்துக்கு இன்னும் எவ்ளோ கொட்டுவீங்க?" என்பேன் நான். கிளட்ச், டயர், டீசல் என்று இரண்டு பேரும் இரும்பைப் பற்றியே சண்டை போட்டோம். எனக்குக் கோபம் வந்தால் தெருவில் தறி நிற்கும் என்று சொல்வார்கள். ஆனால் இதை மட்டும் என்னால் கத்திச் சொல்ல முடியவில்லை. ஒரு தடவை தணிந்த குரலில் கேட்டுப் பார்த்தேன்.

"கண்ணு எப்பிடி இருக்குது?"

"கண்ணுக்கு இன்னா கேடு? ராஜா மாதிரி இருக்குது" என்று எழுந்துபோய் ஓடாத ஜீப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கண் போகிறது என்று ஒத்துக்கொண்டால் வண்டியோடு நிற்காது, கம்பத்தில் ஏறி விளக்குக் கட்டுகிற தொழிலும் போய்விடும். அது எனக்கும் தெரியும்.

கொழுந்தனார் மூலமாக நானே ஆள் பிடித்தேன். ஜவ்வாது மலையில் சாமை பயிரிடுகிறவர். அவருக்கு மேட்டில் ஏறுகிற வண்டி வேண்டும். வந்து சுற்றிப் பார்த்தார், விலையும் படிந்தது, இவரும் ஒப்புக்குத் தலையாட்டினார். "கயிறு கட்டி இப்பவே இட்டுக்கினு போயிடறேன்" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"இன்னிக்கி வெள்ளிக்கெழமபா" என்றார் இவர். "வீட்டுப் பொருள இன்னிக்கி வெளிய அனுப்ப மாட்டோம்."

வேறு எந்தக் கிழமையாக இருந்தாலும் சண்டை பிடித்திருப்பேன். வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக்கு ஒரு கை உப்புக்கூடக் கொடுக்காதவள் நான், என்ன பேசுவது? சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்று மலைக்காரராவது மல்லுக்கு நிற்பார் என்று பார்த்தேன். அவருக்கு அதெல்லாம் கிடையாதாம். "காலைல வரேன்மா" என்று போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பியதுமே மெக்கானிக் வந்தார், தோளில் ஒரு கோணிமூட்டையோடு. உள்ளே எங்கள் ஜீப்பின் எஞ்சின் ஹெட். லேத்தில் கொடுத்துச் சீராக்கிப் பளபளவென்று இருந்தது.

"இது எப்பபா ரெடியாச்சு?" என்றேன்.

"எப்பவோ ஆயிடுச்சு அண்ணி. அண்ணன்தான் உங்களாண்ட சொல்ல வேணான்னாரு."

அன்று முழுவதும் ஸ்பேனர் சத்தம். நான் சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்றுகூடத் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் எஞ்சின் இருமியது, புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. தெருவே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. நான் உள்ளே விளக்கேற்றி, அந்தச் சனியன் மறுபடி நின்றுபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமையில் இப்படியும் ஒருத்தி வேண்டுவாளா என்று சாமிக்கே திகைப்பாக இருந்திருக்கும்.

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். வாசலில் இவர் ஆரன் அடித்தார்.

"ஏறு மே. மலைக்காரரு வரத்துக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம். நல்லா ஓடிச்சின்னா குடுக்கப் போறதில்ல."

"மெக்கானிக்கு ஓட்டட்டும். நீங்க பக்கத்துல குந்துங்க."

"என் வண்டிய நான் ஓட்ட மாட்டனா?"

அடுப்பை அணைத்துவிட்டு ஏறினேன். கட்டின புருஷனைத் தனியாக விடக்கூடாது என்ற பாசமெல்லாம் இல்லை. கோபத்தில் காது அடைத்துக்கொண்டிருந்தது. கை பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது, என் கைக்கு எட்டும். அதனால்தான் ஏறினேன்.

சந்தில் நன்றாகத்தான் ஓட்டினார். வேகத்தடை வந்தபோது தானாகவே மெதுவானார். எங்கே பள்ளம், எங்கே கால்வாய்ப் பலகை என்று அவருக்கு மனப்பாடம். "லெஃப்ட்ல பால்காரரு" என்றேன். "தெரியுது, தெரியுது" என்றார். அதற்குள் பால்காரர் பின்னால் போய்விட்டார். இவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. பங்குனிக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. நான்தான் அநாவசியமாகப் பயந்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

நீளத் தெருவில் திரும்பினோம். அங்கே பாவு போட்டிருந்தார்கள். புடவைக்கு நீளவாட்டில் ஓட வேண்டிய பட்டிழைகளையெல்லாம் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, அறுந்ததைச் சேர்த்துச் சீர்படுத்துவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டிய வேலை. பாவு போட்டிருக்கிற தெருவுக்குள் எங்கள் ஊரில் ஒரு வண்டியும் நுழையாது. அதற்குப் போலீசும் வேண்டாம், பலகையும் வேண்டாம். கண்ணால் பார்த்தாலே போதும். பாவின் முன்கோடியில் ஒரு அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குனிந்து இழை சேர்த்துக்கொண்டிருந்தார்.

பிரேக்கில் கால் வைப்பார் என்று பார்த்தேன். இவர் மூன்றாவது கியருக்கு மாற்றினார்.

"நிறுத்துங்க!" என்று அலறி, இரண்டு கையாலும் கை பிரேக்கை இழுத்தேன். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், குலுங்கி, அணைந்தது. எழுந்து பார்த்தேன். பம்பருக்கும் அந்த அம்மாவின் முழங்காலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். அவர் ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. கையில் பிடித்த இழையை விடாமல் அப்படியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவுக்குச் சொந்தக்காரர் ஓடிவந்தார். இவரோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்தான்.

"யோவ், குடிச்சிக்கினு வந்தியா? இத்தினி பேரு நின்னுக்கினு இருக்கறோம், நேரா வந்து ஏத்தற!"

எனக்குச் சட்டென்று பொய் வந்தது. நேற்றுதான் எஞ்சின் பூட்டிய வண்டி, யாரும் நம்புவார்கள். "பிரேக்குங்க... பிரேக்குதான்..." என்று ஆரம்பித்தேன்.

இவர் என் கை மேல் கை வைத்தார்.

"பிரேக்கு நல்லாத்தான்பா இருக்குது" என்றார். "எனக்குத்தான் பாவு தெரியல. அந்தம்மா குந்திக்கினு இருந்ததும் தெரியல."

அதற்குப் பிறகு யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாலு பேர் சேர்ந்து வண்டியைப் பின்னால் தள்ளி ஓரமாக விட்டார்கள். அந்த அம்மாவின் பக்கத்தில் போய்க் கும்பிட்டேன். "போம்மா, அவரப் பாரு" என்று மறுபடி குனிந்துகொண்டார்.

நடந்துதான் வீட்டுக்குத் திரும்பினோம். வழியில் கேட்டார்.

"அந்தம்மா எவ்ளோ தூரத்துல இருந்தாங்க?"

"தூரமாத்தான் இருந்தாங்க."

"பொய் சொல்லாத மே."

கொஞ்ச தூரம் போனதும் நின்று, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மலைக்காரருக்கு நீயே போடு. சீக்கிரம் வரச் சொல்லு. நம்பரு எனக்குத் தெரிய மாட்டேங்குது."